மேசை ஸ்பீக்கருக்குள் இருந்த ஆம்ப்ளிஃபையர்

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் உள்ளே இருந்த சிறு ஸ்பீக்கர் 'பீப்' ஒலிக்கு மேல் பெரிதாக எதற்கும் உதவவில்லை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்ட பிறகே மேசைமேல் ஜோடி ஸ்பீக்கர் வைக்கும் வழக்கம் பரவியது. மலிவு ஜோடிகள் பலவற்றில் டிஇஏ2025 போன்ற ஒற்றைச் சிப்தான் ஆம்ப்ளிஃபையர். 9 வோல்ட்டில் பக்கத்துக்கு இரண்டு வாட் சொச்சம். அட்டைப்பெட்டிமேல் மட்டும் பிஎம்பிஓ என்ற பெயரில் நூற்றுக்கணக்கான வாட் மின்னும்.

சிப் அவ்வளவு மோசமில்லை. கஞ்சத்தனமெல்லாம் அதைச் சுற்றித்தான். ஃபில்டர் கபாசிட்டர் சிறியது. வயதாகி உள்ளே எலக்ட்ரோலைட் வற்றியதும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊர்களில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கிளம்பும். எனவே பழுதுபார்ப்பவர்கள் முதலில் 1000 மைக்ரோஃபாரடைக் கழற்றி 2200 அல்லது 4700 வைத்தார்கள். அடுத்தது அவுட்புட் கபாசிட்டர். 4 ஓம் ஸ்பீக்கருடன் தொடரில் நிற்கும் 470 மைக்ரோஃபாரட், 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸை வெட்டிவிடும். 1000 போட்டால் அந்த எல்லை 40-க்கு இறங்கும். மூன்று அங்குலக் கூம்பு அந்த ஆழத்தைத் தொடவே தொடாது என்பது வேறு விஷயம். கரகரக்கும் வால்யூம் கன்ட்ரோலை மாற்றுவது, சிப்பை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் வைப்பது எல்லாம் சில்லறை வேலைகள்.

பின்னர் கிளாஸ்-டி சிப்கள் மலிவாயின. பிஏஎம்8403 யூஎஸ்பியின் 5 வோல்ட்டிலேயே பக்கத்துக்கு 3 வாட் வரை தரும். அவுட்புட் கபாசிட்டரே வேண்டாம். கபாசிட்டர் மாற்றுவதைவிட முழு போர்டையும் தூக்கிவிட்டு இதை வைப்பது எளிதாயிற்று.