கீழணை கட்டிய காட்டன் துரை

எங்க தேவனாம்பட்டினத்துக்கு வர்றவங்க கேக்குற மொதல் கேள்வி, செயின்ட் டேவிட் கோட்டை எங்க இருக்குங்கறதுதான். 1690ல் மராட்டியர்கிட்ட இருந்து இங்கிலீஷ்காரன் வாங்கினது, 1756ல் ராபர்ட் கிளைவ் இங்க கவர்னரா இருந்தது எல்லாம் தெரிஞ்ச கதைதான். ஆனா நம்ம மாவட்டத்துக்குச் சோறு போட்ட இன்னொரு வெள்ளைக்காரரைப் பத்தி யாரும் கேக்குறதில்லை. அவர் ஆர்தர் காட்டன்.

1803ல் பிறந்தவர். 1821ல், 18 வயசுல, கம்பெனி பொறியாளரா சென்னைக்கு வந்தார். அப்போ காவிரியில ஒரு பெரிய சிக்கல். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரியுது இல்லையா, அதுல கொள்ளிடம் பள்ளம். தண்ணி பூரா அந்தப் பக்கமே ஓடிடும். காவிரி மணல் மேடு தட்டி, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பிச்சுது. காட்டன் 1830களில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டி, தண்ணியைக் காவிரிக்குத் திருப்பினார். ஆழமான மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கத்துக் கொடுத்தது நம்ம கல்லணைதான்னு பின்னாடி அவரே எழுதியிருக்கார்.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். மேல அடைச்சா, கீழ கொள்ளிடத்தை நம்பியிருக்குற சிதம்பரம் பக்கத்துக் குடியானவன் கதி என்ன? அதுக்குப் பதில்தான் 1836ல் அணைக்கரையில் கட்டின கீழணை. மேலணையைத் தாண்டி வர்ற தண்ணியை அங்க மறிச்சு, வடவாறு வழியா வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன் வாய்க்கால் வழியா சிதம்பரம் வயல்களுக்கும் விட்டாங்க. ஏரி சோழர் காலத்தது. அதை நம்பி சுமார் 45,000 ஏக்கர் இருக்கு. 2004லேர்ந்து சென்னைக்காரங்க குடிக்கிறதுலயும் அந்தத் தண்ணி இருக்கு.

அப்புறம் காட்டன் கோதாவரிக்குப் போனார். 1852ல் தவளேஸ்வரம் அணையை முடிச்சார். ஆந்திராவில் பல ஊர்ல அவருக்குச் சிலை வெச்சிருக்காங்க. 1899ல், 96 வயசுல இறந்தார்.

கம்பெனிக்கு வரி வேணும், அதான் செலவு பண்ணாங்கன்னு நீங்க சொல்லலாம். வாஸ்தவம்தான். ஆனாலும், மேல ஒருத்தனுக்குத் திருப்பின தண்ணி கீழ ஒருத்தனுக்குக் குறையும்ங்கற கணக்கையும் சேர்த்துப் போட்டிருக்காங்க பாருங்க. காவிரித் தண்ணிக்குச் சண்டை நடக்கும்போதெல்லாம் கடைமடைக்காரனான எனக்கு ஞாபகம் வர்றது அந்தக் கணக்குதான். அணைக்கரைப் பக்கம் போனா, ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டுப் போங்க.