மூடிய கதவுகளும் உறுமியும்: எம்.ஐ.ஏ.வின் தொடக்க ஆண்டுகள், 1986–2007

திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூரைக் குட்டிச் சிங்கப்பூர் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. வயல் சூழ்ந்த இந்த ஊரின் மாடிவீடுகளில் நெல் விளைச்சலின் பங்கைவிட, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிறகு வளைகுடாவுக்கும் போன சபராளிகளின் சம்பாத்தியத்தின் பங்கே பெரிது. நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கிய ‘ரஜூலா’ கப்பல் பயணங்கள் இப்பகுதிக் குடும்பக் கதைகளில் இன்னும் புழங்குகின்றன. போனவர் என்ன கொண்டுவந்தார் என்பது ஊருக்கு நன்றாகத் தெரியும். போன இடத்தில் அவர் பிள்ளைகள் எதைக் கேட்டார்கள், எதைப் பாடினார்கள் என்பதற்குத்தான் எழுத்துச் சான்று குறைவு. புலம்பெயர்ந்தோர் இசை என்று பேச்சு எடுத்தாலே அரங்கேற்றம், கோயில் கச்சேரி, திரைப்பாட்டு மேடை ஆகியவற்றோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ராப் அந்தப் பட்டியலில் தாமதமாகத்தான் இடம்பிடித்தது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசத்தின் தொடக்கக் காலம். எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரில் உலகம் அறிந்த பாடகர், ராப்பர். அவரைப் பற்றி வந்த எழுத்துகளில் பெரும்பகுதி இரண்டே தடங்களில் ஓடுகிறது: போராளியின் மகள் என்பது ஒன்று, முன்னுக்கு வந்த அகதி என்பது மற்றொன்று. அவர் பாட்டை எப்படிச் செய்தார் என்ற கேள்வியை இரண்டுமே எட்டுவதில்லை. வேலைமுறையைக் கவனித்தால் வேறொரு ஒழுங்கு தெரிகிறது. கருவி, பதிப்புரிமை, ஒளிபரப்பு, விசா என்று கட்டத்துக்கு ஒன்றாக ஏதோ ஒன்று அவருக்குக் கிடைக்காமல் போனது. அதற்கு அவர் செய்துகொண்ட மாற்று ஏற்பாடுதான் பின்னால் அவருடைய பாணி என்று பெயர் பெற்றது.

1975 ஜூலையில் லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர் மாயா. ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தார். அப்பா அருள்பிரகாசம் பொறியாளர். ஈழ மாணவர்களின் புரட்சி இயக்கமான ஈரோஸை உருவாக்கியவர்களில் ஒருவர். இயக்கத்தில் அவர் பெயர் அருளர். அவர் பெரும்பாலும் வீட்டில் இல்லை. வந்துபோன நாட்களிலும் பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் அவரை மாமா என்றே அறிமுகப்படுத்தினார்கள் என்று மாயா பேட்டிகளில் கூறியிருக்கிறார். அம்மா கலா பிள்ளைகளோடு சில காலம் சென்னையில் இருந்தார். எண்பதுகளில் பாக் நீரிணையைத் தாண்டிக் கோடியக்கரையிலும் ராமேசுவரத்திலும் படகுகள் ஒதுங்கிய காலம் அது. வேதாரண்யம் கடற்கரைக் கிராமங்களுக்கு அந்த வருகை பழகிப்போயிருந்தது. 1986இல் கலாவும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் திரும்பினார்கள். தெற்கு லண்டன் மிட்சமில் உள்ள ஃபிப்ஸ் பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. கலா தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்தினார்.

மாயா ஹிப்-ஹாப்பைக் கேட்க ஆரம்பித்தது அந்தக் குடியிருப்பில்தான். வீட்டில் இருந்த வானொலிப் பெட்டி திருடுபோனதும் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வந்த பாட்டுகளைக் கேட்கத் தொடங்கினேன் என்பது அவரே திரும்பத் திரும்பச் சொன்ன கதை. கலைஞர்கள் தங்கள் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லும் கதைகளை அப்படியே நம்பத் தேவையில்லை. சொல்லச் சொல்ல அவை மெருகேறிவிடும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். ஆங்கிலம் இன்னும் பிடிபடாத சிறுமிக்கு ராப்பில் முதலில் எட்டியது பொருளாக இருந்திருக்க முடியாது. அடியும் அழுத்தமும்தான் எட்டியிருக்கும். பின்னாளில் அவர் எழுதிய வரிகளிலும் வாக்கியத்தைவிடச் சொல்லின் ஓசைக்கே முதலிடம். முதல் பாட்டான ‘கலாங்’கைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

இசைக்குள் அவர் வந்தது ஓவியத்தின் வழியாக. லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலையும் திரைப்படமும் படித்தார். எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் நண்பரானார். 2000இல் வந்த அக்குழுவின் ‘தி மெனஸ்’ இசைத்தட்டுக்கு அட்டை வடிவமைத்து, அவர்களது அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் போனார். 2001இல் லண்டனில் அவரது ஓவியக் கண்காட்சி நடந்தது. புலி, பனை, துப்பாக்கி, போர்க்காட்சிகள் எல்லாம் ஸ்டென்சில் வெட்டித் தெளித்த பளீர் நிறங்களில் இருந்தன. அதே ஆண்டு ஆவணப்பட முயற்சியோடு இலங்கை போய்வந்தார்.

அமெரிக்கப் பயணத்தில் உடன் பாடிய பீச்சஸ் என்ற கனடியப் பாடகி அவருக்கு ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப் பெட்டியை அறிமுகப்படுத்தினார். முறையான பயிற்சி இல்லாதவர்களும் தட்டிப் பார்த்துப் பழகக்கூடிய கருவி அது. மேடையில் பாட வேறொருவரைத் தேடிக்கொண்டிருந்த மாயா, கடைசியில் தானே பாடத் துணிந்தார். கடனாக வாங்கிய 505இல் படுக்கையறையில் சில பாட்டுகளின் முதல் வடிவங்களைச் செய்தார். அவற்றில் ஒன்று ‘கலாங்’. பல்ப் குழுவின் ஸ்டீவ் மெக்கியும் ராஸ் ஆர்ட்டனும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். 2003இல் ஷோபிஸ் என்ற சிறு நிறுவனம் 500 வினைல் பிரதிகள் வெளியிட்டது. பாட்டு பெரிய வானொலிகளைவிட இணையக் கோப்புப் பரிமாற்றத்திலும் நடன விடுதிகளிலும்தான் முதலில் பரவியது. அதைத் தொடர்ந்து எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் அவரோடு ஒப்பந்தம் செய்தது.

அடுத்த பாட்டான ‘சன்ஷவர்ஸ்’ 2004இல் வந்தது. அதன் காணொளியை ராஜேஷ் டச்ரிவர் தென்னிந்தியக் காட்டுப் பகுதியில் எடுத்தார். பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருவதைக் காட்டி எம்.டி.வி. அதை ஒளிபரப்ப மறுத்தது. எழுபதுகளில் ஈரோஸ் இளைஞர்கள் லெபனானில் பயிற்சி பெற்ற வரலாறு தெரிந்த தமிழ் வாசகருக்கு அந்தச் சொல் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று புரிந்திருக்கும். லண்டன், நியூயார்க் விமர்சகர்கள் அதை ஃபேஷனுக்காகச் சொன்ன சொல்லா, கொள்கையா என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பார்வையில் இரண்டும் கலந்துதான் இருந்தது. போர்ப் படங்களை விற்பனை அழகியலாக்குகிறார் என்ற குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் படங்கள் அவருக்கு இரவலாக வந்தவை அல்ல.

முதல் இசைத்தட்டு தாமதமானது. அந்த இடைவெளியில், 2004 இறுதியில், அமெரிக்க டி.ஜே. டிப்லோவோடு சேர்ந்து ‘பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்’ என்ற கலவைத் தொகுப்பை வெளியிட்டார். பிறர் பாட்டுகளை உரிமம் பெறாமல் வெட்டிச் சேர்த்த தொகுப்பு என்பதால் கடையில் விற்க வழியில்லை. நிகழ்ச்சிகளில் கைக்குக் கை கொடுத்தார்கள். 2005 மார்ச்சில் ‘அருளர்’ வெளிவந்தபோது கேட்பவர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். அதில் உள்ள ‘பக்கி டன் கன்’ பிரேசிலின் ரியோ சேரிகளில் பிறந்த ஃபங்க் பாட்டு ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. அந்த ரியோ பாட்டோ ‘ராக்கி’ படத்தின் இசையிலிருந்து எடுத்தது. எடுத்ததிலிருந்து எடுப்பது என்ற இந்தப் பழக்கம் அவர் பாணியின் நடுநாடி. அந்த ஆண்டு மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் ‘அருளர்’ இடம்பெற்றது. பரிசு ஆண்டனி அண்ட் தி ஜான்சன்ஸுக்குப் போனது.

இரண்டாம் இசைத்தட்டை அமெரிக்காவில், தயாரிப்பாளர் டிம்பலண்டோடு செய்வதாக எண்ணம். நீண்ட நாள் தங்கி வேலை செய்ய விசா கிடைக்கவில்லை. சபராளி வீடுகளில் இந்தச் செய்திக்கு விளக்கம் தேவைப்படாது. பெரிய ஸ்டூடியோவில் ஒரே தயாரிப்பாளரோடு நடந்திருக்க வேண்டிய வேலை இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சிதறியது. 2007 ஆகஸ்டில் வந்த ‘கலா’, தாயின் பெயர் தாங்கிய இசைத்தட்டு, அந்தச் சிதறலின் விளைச்சல். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் ராப் ஒரு பாட்டில் ஒலிக்கிறது. ‘டிஸ்கோ டான்சர்’ படத்தின் ‘ஜிம்மி ஜிம்மி’ இன்னொன்றில் மறுபிறவி எடுக்கிறது.

நமக்கு முக்கியமானது சென்னைப் பகுதி. 2006இல் ஏ.ஆர்.ரஹ்மானைச் சந்திக்க வந்தார். இருவரும் சேர்ந்து பாட்டு எதுவும் அப்போது உருவாகவில்லை. ஆனால் ரஹ்மான் தன் ஸ்டூடியோவைப் பயன்படுத்தக் கொடுத்தார், வாத்தியக்காரர்களின் தொடர்பையும் கொடுத்தார். இருபதுக்கும் மேற்பட்ட தாள வாத்தியக்காரர்களை அங்கே வைத்துப் பதிவு செய்தார் மாயா. ‘பாய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ இரண்டிலும் இடித்துக்கொண்டு வரும் உறுமி அதிலிருந்து வந்தது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் ‘ஜெயம்’ படப் பாட்டு ஒன்றின் துணுக்கும் உண்டு.

இங்கே டெல்டாக்காரர் ஒருவர் நின்று கேட்க வேண்டிய விஷயம் இருக்கிறது. தமிழ்த் தாளம் என்று உலகுக்குக் காட்ட நினைப்பவர் யாரும் முதலில் கைநீட்டுவது தவிலுக்குத்தான். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாசித்த நாடு இது. கூத்தாநல்லூரிலிருந்து அந்த ஊர் தொலைவில்லை. தவிலுக்குக் கோயிலும் கல்யாணமும் கணக்கும் உண்டு. மாயா எடுத்தது அதை அல்ல. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமவைக்கும், சாவுக்கும் சாமியாட்டத்துக்கும் தெருவில் அடிக்கும் வாத்தியத்தை எடுத்தார். தேய்க்கும்போது சுருதி வழுக்கி ஏறி இறங்கும் அந்த ஒலி, லண்டன் விடுதிகளின் அடிநாத ஒலிக்கு மிக நெருக்கம். காதால் செய்த தேர்வு என்றே இதை நான் மதிக்கிறேன். தமிழ் அடையாளத்துக்காக ஒட்டவைத்த அலங்காரமாக இருந்திருந்தால் பாட்டு இவ்வளவு தாங்கியிருக்காது.

அதே இசைத்தட்டில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100இல் நான்காம் இடம்வரை போனது. குடியேறியவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர் கொள்ளும் பயத்தைக் கேலி செய்யும் பாட்டு. பல்லவியில் துப்பாக்கி வெடியும் கல்லாப்பெட்டிச் சத்தமும். அடியில் ஓடும் இசை தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது. லெட்டர்மன் நிகழ்ச்சியில் அவர் பாடியபோது தொலைக்காட்சி நிறுவனம் வெடிச் சத்தத்தை அடக்கிவிட்டது. விசா மறுத்த நாட்டில் விசாவைப் பற்றிய பாட்டு வெற்றி பெற்றதைப் பலரும் ரசித்து எழுதினார்கள். நடைமுறை இன்னும் சாதாரணமானது: ஒரு திரைப்பட முன்னோட்டத்தில் சேர்ந்த பிறகே அந்தப் பாட்டு மேலே ஏறியது.

காவிரிப் படுகையிலிருந்து கடல் தாண்டிய வேறொரு கூட்டத்தோடு இதை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். நாகப்பட்டினம் வழியாக மலாயாத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களின் பெயர்வு, 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடுக்கும்வரை பெரிய அளவில் நடந்தது. தோட்டத்திலும் நகரத்திலும் தமிழ்ப் பள்ளி, தமிழ் வானொலி, கோயில் திருவிழா என்று மொழிக்கு அங்கே காலூன்ற இடம் இருந்தது. அங்கே பொயட்டிக் அம்மோ குழுவில் ராப் செய்த யோகி பி, 2006இல் ‘வல்லவன்’ இசைத்தட்டை நட்சத்திராவோடு வெளியிட்டபோது தமிழிலேயே முழுதாக ராப் செய்ய முடிந்தது. கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாட்டை எடுத்து அவர் செய்த ‘மடை திறந்து’ தமிழ்நாட்டிலும் பரவியது. மிட்சம் குடியிருப்புச் சிறுமிக்கு அந்த வசதி இல்லை. அவர் தமிழ் பாட்டின் வரியில் தங்காமல் தாளத்திலும் இசைத்தட்டுப் பெயர்களிலும் தங்கிக்கொண்டது. எது உயர்வு என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. கேட்பவர் யார் என்பதே இரண்டு இசைகளின் வேறுபாட்டையும் விளக்கிவிடுகிறது.

இரு வழியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சென்னையைத் தொட்டன. 2007இல் ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. 2008இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரஹ்மானும் மாயாவும் சேர்ந்து ‘ஓ சாயா’வைச் செய்தார்கள். 2006இல் நடக்காமல் போன பாட்டு அது. 2009 ஆஸ்கர் சிறந்த பாடல் பட்டியலில் அதுவும் இருந்தது. வென்றது அதே படத்தின் ‘ஜெய் ஹோ’.