செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியும் பழனிமலை ஆய்வுகளும்

செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி, திண்டுக்கல் மாவட்டத்தில் கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே அமைந்த கத்தோலிக்கத் துறவியர் கல்வி இல்லம். இயேசு சபையினர் 1895-இல் இதைத் தொடங்கினர். இது அறிவியல் பட்டம் வழங்கும் கல்லூரி அன்று. குருத்துவப் பயிற்சி பெறும் இளைஞர்கள் தத்துவம் கற்ற இடம். ஆயினும் பழனிமலையின் செடிகொடிகள், விலங்குகள், பெருங்கற்காலச் சின்னங்கள் பற்றிய ஆய்வில் இக்கல்லூரிக்குத் தனி இடம் உண்டு. மலையின் தோற்றமே மாறிவிட்ட இந்நாளில், அது முன்பு எவ்வாறு இருந்தது என்பதை அறிய இங்கு உருவான தொகுப்புகளும் நூல்களும் உதவுகின்றன.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரைப் பகுதிக்கு வந்த ஐரோப்பிய மறைப்பணியாளர் பலர் சமவெளியின் வெப்பத்தாலும் காலரா போன்ற நோய்களாலும் இளவயதிலேயே இறந்தனர். உடல்நலம் நாடி அவர்கள் பழனிமலையை நோக்கினர். 1845-இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். பிரெஞ்சு இயேசு சபையினரும் பின்னர் மலையேறினர். மோட்டார் சாலை வருவதற்கு முன், அம்மையநாயக்கனூர் (இன்றைய கொடைக்கானல் ரோடு) ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோ ஏற வேண்டும்.

கல்லூரி வாழ்க்கை

மணியோசைக்கு எழுதல், வழிபாடு, பாடம், உடலுழைப்பு, மாலையில் மௌனம் என்று ஒழுங்குபடுத்தப்பட்ட கூட்டு வாழ்க்கையே துறவியர் இல்லங்களின் இயல்பு. வாரத்தில் ஒருநாள் வகுப்பின்றி நெடுந்தூரம் நடந்து வருவதும் இயேசு சபைப் பயிற்சி இல்லங்களின் வழக்கம். செண்பகனூரைச் சுற்றிச் சோலைக்காடும் புல்வெளியும் ஓடைகளும் இருந்தன. அறிவியல் நாட்டம் கொண்ட ஆசிரியர்களுக்கு இவையே ஆய்வுக்களம் ஆயின. ஆய்வுக்கெனத் தனி நிதியோ பதவியோ இல்லாமல், ஒரே இடத்தில் பல்லாண்டு தங்கி, ஒரே மலையைப் பருவந்தோறும் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. சில வாரங்கள் வந்து தங்கிச் செல்லும் ஆய்வாளருக்கு இது எளிதில் வாய்ப்பதில்லை.

அருங்காட்சியகம்

கல்லூரியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கொடைக்கானலுக்கு வருவோர் பலரும் காணும் இடம். பாடம் செய்யப்பட்ட விலங்குகள், பறவைகள், பாம்புகள், பூச்சிகள் ஆகியவற்றுடன் மலைவாழ் பளியர் மக்களின் புழங்குபொருள்களும் இங்குள்ளன. இதையொட்டி ஆர்க்கிட் செடிகளின் தொகுப்பு ஒன்றும் வளர்க்கப்பட்டது. மதுரை மறைத்தளத்தின் பழைய கடிதங்களும் ஆவணங்களும் செண்பகனூரில் பாதுகாக்கப்பட்டதால் தமிழக வரலாற்று ஆய்வாளர்களும் இங்கு வந்தனர்.

கல்திட்டைகள்

கீழ்ப்பழனிமலையில் தாண்டிக்குடி போன்ற ஊர்களைச் சுற்றிப் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகள் காணப்படுகின்றன. அருட்பணியாளர்கள் ஏ. ஆங்லாட், எல். வி. நியூட்டன் இருவரும் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் தன் 36-ஆவது ஆய்வுரையாக வெளியிட்டது. பிற்காலத்தில் தாண்டிக்குடியில் அகழாய்வும் நடைபெற்றது.

பாசிகளும் பூக்களும்

பாறையிலும் மரத்தண்டிலும் பச்சைப் படலமாய்ப் படரும் மாஸ் வகைப் பாசிகளை அருட்பணியாளர் ஜார்ஜ் ஃபொரோ சேகரித்தார். பூவும் காயும் இல்லாத இச்செடிகளை இனம் காண நுண்ணோக்கி வேண்டும். அவர் திரட்டிய மாதிரிகளை இங்கிலாந்தின் டிக்சன், பிரான்சின் பொத்தியே தெ லா வார்த் ஆகிய வல்லுநர்கள் ஆராய்ந்தனர். டிக்சன் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்திய ஆசிரியர். இருவரும் ஒரு பேரினத்துக்கு ‘ஃபொரோயெல்லா’ என்று பெயரிட்டனர். பழனிமலைப் பாசிகள் பற்றிய ஃபொரோவின் பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது.

பூக்கும் தாவரங்களில் முன்னோடி நூல், சென்னை மாநிலக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலைமுகடுகளின் செடிகளைப் பற்றி 1915 முதல் 1920 வரை வெளியிட்டதாகும். கொடைக்கானலில் போர்ன் தம்பதியர் சேகரித்த செடிகள் அதற்குப் பெரிதும் உதவின.

திருச்சியுடன் இணைப்பு

அருட்பணியாளர் கே. எம். மேத்யூ (1930–2004) மலையில் தொடங்கிய பணியைக் கல்லூரி ஆய்வுக்கூடத்துடன் இணைத்தார். கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுச் செடிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு 1969-இல் வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராப்பினாத் உலர்தாவரகம் நிறுவப்பட்டது. செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, இடம், நாள், உயரம், பூவின் நிறம் ஆகியவற்றைக் குறித்து வைப்பதே உலர்தாவரகத்தின் பணி. ஆசிரியரும் ஆய்வு மாணவரும் சேர்ந்து களப்பயணம் சென்று செய்த இவ்வுழைப்பின் பயனாகத் தமிழகக் கர்நாடகச் சமவெளித் தாவரங்கள் பற்றிய தொகுதிகளும், 1999-இல் பழனிமலைத் தாவரங்கள் பற்றிய நூலும் வெளிவந்தன. செண்பகனூரில் ஆங்லாட் இயற்கை வரலாற்று நிறுவனத்தின் வழியாகவும் மேத்யூவின் பணி நடைபெற்றது.

இன்றைய முக்கியத்துவம்

இருபதாம் நூற்றாண்டில் பழனிமலைப் புல்வெளிகளில் சீகை (வாட்டில்), பைன், தைல மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. வெற்றுநிலம் என்று கருதப்பட்ட புல்வெளி உண்மையில் மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு விடும் நிலம். குறிஞ்சி பூக்கும் இடமும் அதுவே. 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளிப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு ஒன்று 2018-இல் தெரிவித்தது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது.

செயற்கைக்கோள் படம் புல்வெளியின் பரப்பைக் காட்டும். அங்கு எந்தச் செடி இருந்தது என்பதைச் சொல்லாது. அதற்குப் பழைய மாதிரிகளும் அவற்றின் குறிப்புச் சீட்டுகளுமே சான்று. அயல்மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்க முயல்வோர் எதை மீண்டும் நடுவது என்று அறிய இத்தொகுப்புகளையே நாட வேண்டியுள்ளது. ஆகவே பூச்சியும் ஈரமும் அணுகாமல் அவற்றைக் காப்பதும், கல்லூரி மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்தக் கற்பதும் மலையைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.