மனிதக் கருவின் அறநிலை: காரைக்கால் பகுதி

மனிதக் கருவுக்கு எந்த நாள் முதல், எந்த அளவுக்கு, ஓர் ஆளுக்குரிய மதிப்பும் காப்பும் உண்டு என்பது பற்றிய வழக்கு, கோட்பாடு, சட்டம் ஆகியவற்றை இத்தலைப்பு குறிக்கும். விழிதியூர், நிரவி, திருநள்ளாறு முதலிய ஊர்கள் அடங்கிய காரைக்கால் பகுதியில் தமிழ் மரபு, இசுலாம், கத்தோலிக்கம், பிரெஞ்சுச் சட்டம், இந்தியச் சட்டம் ஆகிய ஐந்தும் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகள் தந்துள்ளன.

இலக்கியமும் வழக்கும்

குடவாயில் கோட்டத்தில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகக் கூறப்படும் புறநானூற்று 74ஆம் பாட்டு, இறந்து பிறந்த குழவியையும் உருப்பெறாத தசைப் பிண்டத்தையும்கூட வாளால் கீறி அடக்கிய மறக்குடி வழக்கைச் சுட்டுகிறது. பிண்டத்தையும் ஆளாகவே கருதியதற்கு இது சான்று என்பர் சிலர். குடிப்பெருமையை உயர்த்திக் கூறியதே என்பர் வேறு சிலர். திருவாசகத்தின் போற்றித் திருஅகவல், கரு மாதந்தோறும் கடந்து பிழைக்கும் இடர்களை வரிசைப்படுத்துகிறது.

திருக்கருகாவூர்த் தலபுராணத்தில், நித்துருவ முனிவரின் மனைவி வேதிகையின் கரு சாபத்தால் கலைய, அம்மை அதைக் குடத்தில் வைத்துக் காத்துக் குழந்தையாக அளிக்கிறாள். அங்குக் கருவுற வேண்டுவோர் நெய்ப் பிரசாதமும், சுகப்பிரசவம் வேண்டுவோர் விளக்கெண்ணெயும் பெற்றுச் செல்வர்.

கருவோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவது தமிழகத்தில் பரவலாக அறியப்பட்ட வழக்கு. நட்டுவைத்த இரண்டு கற்களின்மேல் தலைச்சுமை உயரத்தில் ஒரு பலகைக்கல் கிடத்தப்படும். வழிப்போக்கர் பிறர் கைத்தாங்கல் இன்றியே அதில் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் முடியும். அவ்வாறு சுமை இறங்குந்தோறும் இறக்காமல் போன அவளது சுமையும் குறையும் என்பது நம்பிக்கை.

பிரெஞ்சு ஆட்சிக் காலம்

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பு 1819இல் பிரெஞ்சிந்தியாவில் அறிவிக்கப்பட்டபோது, இந்தியரின் சாதி, சமய வழக்குகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி தம் தனிவழக்கைத் துறந்த குடும்பங்கள் (ரெனோன்சான்கள்) அத்தொகுப்பின் கீழ் வந்தன.

1804ஆம் ஆண்டுத் தொகுப்பு கருவை ஆள் என்றோ பொருள் என்றோ வரையறுக்கவில்லை. அது நாட்களை எண்ணியது. 725ஆம் பிரிவின்படி, ஒருவர் இறக்கும் நேரத்தில் கருவில் இருந்த பிள்ளைக்கு வாரிசுரிமை உண்டு. ஆனால் அது உயிர்தரிக்கும் வலுவோடு பிறந்தாக வேண்டும். 906ஆம் பிரிவு கருவிலிருக்கும் பிள்ளைக்கும் கொடை எழுதிவைக்க இடந்தந்தது. கரு தரித்த காலம் பிறப்புக்கு முந்திய 180 முதல் 300 நாட்களுக்குள் கணக்கிடப்பட்டது. ஆகவே கணவன் இறந்த 290ஆம் நாள் பிறந்த பிள்ளை முறையான வாரிசு. 310ஆம் நாள் பிறந்ததன் உரிமையை எதிர்த்து வழக்காடலாம்.

மனைவி கருவுற்றிருக்கையில் கணவன் இறந்தால், 393ஆம் பிரிவின்படி குடும்பசபை ‘வயிற்றுக் காப்பாளர்’ ஒருவரை நியமிக்கும். பிறக்கப்போகும் பிள்ளையின் சொத்தைக் காப்பதும், வேறொரு பிள்ளையைக் காட்டி ஏமாற்றாமல் பார்ப்பதும் அவர் வேலை. பிள்ளை பிறந்ததும் தாய் பாதுகாவலர் ஆவாள். வயிற்றுக் காப்பாளர் தாமாகவே துணைப் பாதுகாவலர் ஆகிவிடுவார். இவ்விதிகள் கருவுக்கு அறமதிப்பு அளித்தனவா, சொத்துத் தகராறைத் தவிர்க்கக் கொண்ட சட்டக் கற்பனையா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். குற்றவியல் துறையில் 1810ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பின் 317ஆம் பிரிவு கருக்கலைப்பைத் தண்டித்தது.

சமய நிலைப்பாடுகள்

120ஆம் நாளில் கருவில் ரூஹ் (ஆன்மா) ஊதப்படுகிறது என்பது இசுலாமிய அறிஞரிடையே பரவலான கருத்து. அதற்கு முந்திய கருவின் நிலை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. கருத்தரித்த கணம் முதலே மனித ஆளுக்குரிய மதிப்பு வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் 1987ஆம் ஆண்டு அறிவுறுத்தல்.

இணைப்புக்குப் பின்

1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் இணைப்பு சட்டப்படி முழுமையுற்றது. இந்தியத் தண்டனைச் சட்டம் கருக்கலைப்புக்கு மூன்றாண்டு வரையும், வயிற்றில் அசைவு தெரிந்தபின் செய்தால் ஏழாண்டு வரையும் சிறை விதித்தது. 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரை நிபந்தனையோடு அனுமதித்தது.

அண்மைக் காலம்

2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகைப் பெண்களுக்கு வரம்பை 24 வாரமாக்கியது. 26 வாரக் கரு ஒன்றைக் கலைப்பது குறித்து 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் முரண்பட்ட தீர்ப்பளிக்க, மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் (2021) கருவுற்றது முதல் 56 நாள் வரையுள்ளதையே கரு என வரையறுத்து, அதைப் பத்தாண்டு வரை உறைநிலையில் சேமிக்க இடந்தருகிறது. தந்தை இறந்து பல ஆண்டு கழித்து உறைகருவிலிருந்து பிறக்கும் பிள்ளை, ரெனோன்சான் குடும்பங்களின் 300 நாள் கணக்குக்குள் அடங்காது.