கதைப்புத்தகத்தை நீட்டுவது யார்? – புணேயும் தமிழ்நாடும்

புணேயின் நடுவே அப்பா பல்வந்த் சௌக் என்று ஒரு நாற்சந்தி இருக்கிறது. ஊரார் சுருக்கி ஏபிசி என்பார்கள். ஜூன் மாதத்தில் அங்கே ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் பட்டியலும் கையுமாகக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். டைஜஸ்ட், மாநில நுழைவுத்தேர்வான சி.இ.டி.யின் வினாத்தொகுப்பு, என்.சி.இ.ஆர்.டி. உயிரியல், பழைய வினாத்தாள் என்று பை நிறையும். நம் ஊரில் கைடு என்பதற்கு இங்கே டைஜஸ்ட் என்று பெயர். அதே வட்டாரத்துக் கடைகளில் சிவாஜி சாவந்தின் கர்ணன் நாவலும் பு.ல. தேஷ்பாண்டேயின் நகைச்சுவையும் அடுக்கியிருக்கும். அவை எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. ஆனாலும் விற்றுக்கொண்டேயிருக்கின்றன.

புணேயில் குடியிருக்கும் தமிழனுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் புத்தி போகாது. கல்லூரி இடத்துக்காக முட்டி மோதும் அந்த இரண்டு வருடத்தில், பாடத்துக்கு வெளியே ஒரு கதைப்புத்தகம் பதினேழு வயதுக் கைக்கு எப்படி வந்து சேர்கிறது? இங்கே கேட்டாலும் அங்கே கேட்டாலும் ‘எங்கே நேரம்?’ என்பதே முதல் பதில். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செல்பேசிக்கு நேரம் கிடைத்துவிடுகிறது. புத்தகத்தை நீட்டும் கை யாருடையது என்பதில்தான் இரண்டு ஊரும் பிரிகின்றன. புணேயில் பெரும்பாலும் வீடு நீட்டுகிறது. தமிழ்நாட்டில் அரசு நீட்டுகிறது. இரண்டுக்கும் அதனதன் அழகும் உண்டு, கொடுமையும் உண்டு.

முதலில் பிள்ளைகள் உட்காரும் இடம். மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். 1975 முதல் பதினொன்றும் பன்னிரண்டும் ‘ஜூனியர் கல்லூரி’. அதற்கெனத் தனி நிறுவனங்களும் உண்டு, பெரிய கல்லூரிகளின் வளாகத்துக்குள்ளேயே நடப்பதும் உண்டு. 1885-ல் தொடங்கிய ஃபெர்குசன் கல்லூரியிலோ 1916-ல் தொடங்கிய எஸ்.பி. கல்லூரியிலோ இடம் கிடைத்த பதினாறு வயதுப் பையன், பட்ட வகுப்பு அண்ணன்மார் நடமாடும் அதே மரத்தடியில் நடக்கிறான். தமிழ்நாட்டிலும் முன்பு பி.யு.சி. கல்லூரியில்தான் இருந்தது, 1978-ல் பிளஸ் டூ வந்தபோது அந்த வயதைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நிறுத்திக்கொண்டோம். சீருடை, மணியோசை, காலைச் சிறப்பு வகுப்பு எல்லாம் இன்னும் இரண்டு வருடம் நீண்டன.

கேட்பதற்குப் புணேக்காரன் கொடுத்துவைத்தவன் போலத் தோன்றும். ஆனால் அவன் கல்லூரிக்குப் போனால்தானே? ஜே.இ.இ., நீட், சி.இ.டி. என்று தனியார் ‘கிளாஸ்’தான் அவனுடைய உண்மையான பள்ளி. கிளாஸும் ஜூனியர் கல்லூரியும் கைகோத்துக்கொண்டு, பெயர் ஓரிடத்தில், ஆள் ஓரிடத்தில் என்று நடப்பது அவ்வளவு பெருகியதால், 2018-ல் மாநில அரசு அறிவியல் பிரிவுகளுக்கு விரல்ரேகை வருகைப்பதிவைக் கொண்டுவரவேண்டியிருந்தது. நூலகம் இருக்கும் கட்டடத்துக்கு அவன் போவது செய்முறைத் தேர்வுக்குத்தான் என்றால் மிகையில்லை. ஒன்று மட்டும் அவனுக்கு மிச்சம்: தெரு. கிளாஸ் முடிந்து அடுத்த கிளாஸுக்குப் போகும் வழியில் ஏபிசி இருக்கிறது, டெக்கன் ஜிம்கானா இருக்கிறது, நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பியிருக்கிறது. பத்து நிமிடம் நின்றால் கேட்க ஆளில்லை.

தமிழ்நாட்டில் நாமக்கல் வகை விடுதிப் பள்ளியில் படிப்பவனுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடையாது. விடியுமுன் எழுந்து இரவு படுக்கும்வரை மேற்பார்வைப் படிப்பு. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து, பிளஸ் டூ புத்தகத்தையே இரண்டு வருடம் உருப்போடவைத்த பள்ளிகளால்தான் 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியதும் 2017-ல்தான். அத்தகைய விடுதிகளில் நாவல் என்பது செல்பேசிக்கு அடுத்தபடியான கடத்தல் பொருள். பெட்டிக்கு அடியில் துணிக்குள் சுருட்டி வைப்பார்கள். ஒளித்துப் படித்தவர்கள்தாம் பிற்பாடு நல்ல வாசகர்களாகிறார்கள் என்று ஒரு கட்சி உண்டு. ஒளிக்கத் துணியாத நூறு பேரை அந்தக் கட்சி கணக்கில் எடுப்பதில்லை.

பாடப்புத்தகத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்குத் தமிழ்நாட்டின் மேல் மரியாதை கூடுகிறது. மகாராஷ்டிர வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகமான ‘யுவக்பாரதி’யில் நாவலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நாவலின் வரலாறு, பிறகு மூன்று நாவல்களிலிருந்து துண்டுகள்: பிரெய்த்வெய்ட்டின் கறுப்பின ஆசிரியர், எண்பது நாளில் உலகைச் சுற்றும் ஜூல் வெர்ன், ஷெர்லக் ஹோம்ஸ். தேர்வு நல்ல தேர்வுதான். ஆனால் அறிவியல் மாணவனுக்கு ஆங்கிலம் பாஸானால் போதும். மராட்டிக்குப் பதிலாகத் தகவல் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்ளவும் வாரியம் அனுமதிக்கிறது. மதிப்பெண் சுலபம் என்று கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் சாய்கிறார்கள். தன் மொழியின் கதையை ஒரு வரிகூடப் படிக்காமல் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிவிடலாம்.

தமிழ்நாட்டிலும் பொறியியல் கட்-ஆஃப் 200-ல் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடமில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆனால் பகுதி ஒன்றில் மொழித்தாள் உண்டு, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தமிழ். 2018-ல் வந்த புதிய பதினோராம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ வந்தது, ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ வந்தது. பன்னிரண்டில் பூமணி. தகப்பனும் தாயும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குடும்பத்தின் பெண், கறம்பக்குடியிலோ ஆண்டிப்பட்டியிலோ, டாப்சிலிப் காட்டில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த மனிதரைப் பற்றி விலை கொடுக்காமல் படிக்கிறாள். புணேயின் ‘பெத்’ என்னும் பழைய பேட்டைத் தெருக்களில் நாலு தலைமுறையாகப் புத்தக அலமாரி இருக்கும் வீட்டுப் பையனுக்கு இது பெரிதாகத் தெரியாது. அலமாரியே இல்லாதவளுக்குத் தெரியும்.

கொடுத்த கையே பிடுங்கவும் செய்கிறது. ‘யானை டாக்டர்’ வகுப்புக்கு வந்ததும் நெடுவினா ஆகிவிடுகிறது. முன்னுரை, துணைத்தலைப்புகள், முடிவுரை. கைடில் ஒன்றரைப் பக்கத்துக்கு விடை. கதையைப் படிக்காமல் அந்த விடையை மட்டும் எழுதி முழு மதிப்பெண் வாங்குவது சாத்தியம், நடக்கவும் நடக்கிறது. கதையைப் படித்து அழுத பிள்ளை உண்டா என்று தேர்வுத்தாள் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, அது வேறு விஷயம்.

நூலகங்களின் பின்னால் இருக்கும் சட்டத்தைப் பார்த்தால் இந்த வீடு–அரசு வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். 1948-லேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது, அது நாட்டுக்கே முன்னோடி. சொத்துவரியோடு நூலக வரியும் வசூலித்து, அரசே கிளை நூலகம் நடத்தும். மகாராஷ்டிரச் சட்டம் 1967-ல் வந்தது. அதில் நூலக வரி இல்லை. ஊரார் சங்கம் வைத்து நடத்தும் நூலகங்களுக்கு அரசு மானியம் தரும், அவ்வளவுதான். புணே நகர் வாசன் மந்திர் அந்த வகை. லோகஹிதவாதி கோபால் ஹரி தேஷ்முக் முன்னின்று தொடங்கிய அந்தப் பழைய நூலகத்தின் வயது 1848-லிருந்து கணக்காகிறது. இத்தகைய இடங்களில் மாதச் சந்தா கட்டுவது தாத்தாவோ அம்மாவோ. சந்தா அட்டையில் பையனின் பெயர் இருக்காது, புத்தகம் மட்டும் வீட்டுக்கு வரும். சாப்பாட்டு மேசையில் கிடக்கும். எடுப்பான், நாலு பக்கம் புரட்டுவான், சில சமயம் விடமாட்டான்.

‘தீபாவளி அங்க்’ என்னும் தீபாவளிச் சிறப்பிதழ் அதைவிடப் பெரிய தூண்டில். 1909-ல் காசிநாத் ரகுநாத் மித்ராவின் ‘மனோரஞ்சன்’ தொடங்கிவைத்த வழக்கம், இன்று ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இதழ்கள் வருகின்றன. நம்முடைய தீபாவளி மலர்கள் வற்றி விளம்பரத்துக்கு நடுவே கதை தேடும் நிலைக்கு வந்துவிட்டன. இவர்களுடையது இன்னும் இலக்கியமாகவே வருகிறது. முதல் பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில், தீபாவளிப் பலகாரமான ஃபராளுக்குப் பக்கத்தில், கிளாஸும் நான்கு நாள் மூடியிருக்கும்போது அந்த இதழ்கள் வீட்டில் கிடக்கின்றன. யாரும் ‘படி’ என்று சொல்வதில்லை. சொல்லாததால்தான் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் எந்த வீடு? மராட்வாடா கிராமத்திலிருந்து வந்து விடுதி அறையில் மூன்று பேரோடு தங்கி நீட் படிக்கும் பையனுக்கு அந்தச் சாப்பாட்டு மேசை இல்லை. அவனுக்கு இருப்பது ‘அப்யாசிகா’, மாத வாடகைக்கு ஒரு நாற்காலியும் மின்விளக்கும். சதாசிவ் பெத்திலும் நாராயண் பெத்திலும் ஏகப்பட்டவை. அரசு வேலைத் தேர்வு எழுதும் இருபத்தைந்து வயதுக்காரர்கள் நடுவே இந்தப் பதினேழு வயதும் உட்கார்ந்திருக்கும். இரவு பத்து வரை நிசப்தமாகப் படிக்கும் அந்த இடங்களில் புத்தக அலமாரி கிடையாது, அவரவர் கொண்டுவந்ததுதான். சென்னையிலும் கதை வேறில்லை. 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் படிக்கும் பகுதி எப்போதும் நிரம்பியிருக்கும். மேலே தளம் தளமாக நூல்கள், கீழே குனிந்த தலைகள்.

இரண்டு அரசும் ஒரே இடத்தில் கைவிடுகின்றன என்பதும் கண்ணில் படுகிறது. புணேயிலிருக்கும் மாநிலப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி 1971 முதல் ‘கிஷோர்’ என்ற அருமையான மாத இதழை நடத்துகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’. தேன்சிட்டு ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. கிஷோரும் பள்ளிப் பிள்ளைக்குத்தான். பத்தாம் வகுப்பின் வாசலில் இரண்டும் நின்றுவிடுகின்றன. பதினேழு வயதுக்கென்று அரசு நடத்தும் இதழ் இரு பக்கமும் என் கண்ணில் படவில்லை. அந்த வயதுக்கு அட்டவணை மட்டும் போதும் என்று முடிவுகட்டியாயிற்று போலும்.

அப்புறமும் படிக்கிறவர்கள் என்ன படிக்கிறார்கள்? புணேயில் சுஹாஸ் ஷிர்வல்கரின் ‘துனியாதாரி’. எஸ்.பி. கல்லூரியின் ‘கட்டா’ என்னும் திண்ணையில் கூடும் நண்பர்களின் கதை, 2013-ல் படமான பிறகு இன்னும் பிடித்துக்கொண்டது. தான் நடந்துபோகும் தெருவே நாவலில் வருவது ஒரு பதினேழு வயதுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! 2025 பிப்ரவரி நடுவில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே சாவந்தின் சம்பாஜி நாவலைத் தழுவிய ‘சாவா’ திரைக்கு வந்தது. அந்தத் தடித்த புத்தகத்துக்கு மறுபடி கிராக்கி. நமக்கு ‘பொன்னியின் செல்வன்’ படம் செய்த காரியம் அதுவே. ஒரு காலத்தில் மராட்டிக் கதை தமிழுக்கு வந்து சேரப் படம் தேவைப்படவில்லை. மராட்டி நாவலாசிரியர் வி.ஸ. காண்டேகரை கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்ப்பில் படித்து உருகிய தமிழ் இளைஞர்கள் அவரைத் தமிழ் எழுத்தாளர் என்றே நினைத்திருந்ததாகச் சொல்வார்கள்.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டாவது படிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் ‘யானை டாக்டர்’ கொடுத்தேன். “மாமா, பேசுவேன், ஆனா தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷ்ல இருந்தா குடுங்களேன்” என்றாள். வீட்டில் தமிழ் பேச்சு மட்டும், மராட்டி பத்தாவதோடு சரி, ஐ.டி. எடுத்திருக்கிறாள். ராஸ்தா பெத்திலும் கட்கியிலும் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்படித்தான்: புணேயின் வீட்டு அலமாரியும் இல்லை, தமிழ்நாட்டுப் பாடப்புத்தகமும் இல்லை. அவள் படிப்பது ஆங்கிலத்தில், செல்பேசியில், மாங்கா. நிறையவே படிக்கிறாள் என்பதையும் சொல்லவேண்டும்.

இப்படித் தானாக விரும்பிப் படிப்பது பிற நாடுகளிலும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மாணவர் திறனை அளக்க ஓஇசிடி நடத்திய 2009 பீசா ஆய்வில், உறுப்பு நாடுகளின் பதினைந்து வயதினரில் சராசரியாக 37 விழுக்காட்டினர் மகிழ்ச்சிக்காகப் படிப்பதே இல்லை என்றார்கள். எவ்வளவு நேரம் என்பதைவிடத் தினமும் கொஞ்சமாவது படிப்பதுதான் வாசிப்புத் திறனில் வேறுபாட்டைக் காட்டியது. அந்தச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் கலந்துகொண்டு கடைசி வரிசையில் வந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

கடைசியாகக் காலண்டர். மகாராஷ்டிரத்தில் வாரியத் தேர்வு பிப்ரவரி, மார்ச்சில் முடிந்ததும் ஏப்ரலில் ஜே.இ.இ., சி.இ.டி., மே தொடக்கத்தில் நீட். கணிதப் பிரிவு சி.இ.டி.யில் மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி. புணேப் பிள்ளைக்கு மே நடுப்பகுதி வரை மூச்சுவிட இடமில்லை. தமிழ்நாடு 2006-ல் சட்டம் போட்டுப் பொறியியல் நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டது. நீட் எழுதாத பிள்ளைக்கு மார்ச் கடைசியில் தேர்வு முடிந்தால் மே மாதம் முடிவு வரும்வரை ஐந்தாறு வாரம் முழுக்கச் சும்மா. புணேயில் எந்தப் பணக்கார வீடும் வாங்கித்தர முடியாத ஓய்வு அது. ஊர்தோறும் நூலக வரி கட்டி நடத்தும் கிளை நூலகமும் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசித் தேர்வு முடிந்து வெளியே வருகிறவர்களிடம் யாராவது ஓர் உறுப்பினர் படிவத்தை நீட்டலாம். இப்போது அந்த வாசலில் நிற்பவர்கள் தனியார் பொறியியல் கல்லூரிகளின் ஆட்கள். துண்டறிக்கையோடு ஒரு பேனாவும் கொடுத்து, செல்பேசி எண்ணை வாங்கிக்கொள்கிறார்கள்.