மகள் திடீர்னு மாறிட்டாளா? சினைப்பையையும் ஸ்கேன் பண்ணுங்க!

நேற்றுவரை நல்லாப் பேசிய மகள் சில நாள்களில் காரணமில்லாமல் கத்துகிறாள், தூங்குவதில்லை. பேச்சு குறைகிறது, வாயும் கையும் தானாக அசைகின்றன, வலிப்பும் வருகிறது. 'பேய் பிடிச்சிருக்கு'ன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. இது மூளை அழற்சியாக இருக்கலாம்.

2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டால்மாவ் குழு, இப்படிப் பாதிக்கப்பட்ட 12 பெண்களை ஆராய்ந்தது. இளையவருக்கு வயது 14. எல்லோருக்கும் டெரட்டோமா கட்டி, 11 பேருக்குச் சினைப்பையில். முடி, பல், ஏன் நரம்புத் திசுகூட வளரும் விநோதக் கட்டி இது! அந்தத் திசுவை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடி, மூளையில் உள்ள என்.எம்.டி.ஏ ரிசப்டரையும் எதிரியாக நினைத்துத் தாக்குகிறது.

சின்னக் குழந்தைகளிடம் இந்தக் கட்டி அபூர்வம். பூப்பெய்திய பிறகு வாய்ப்பு கூடும். கட்டியே இல்லாமலும் இந்த நோய் வரும்.

எம்.ஆர்.ஐ நார்மல்னு வந்தாலும் நிம்மதியாகிடாதீங்க. முதுகுத் தண்டுவட நீரில் ஆன்டிபாடி டெஸ்ட் வேணுமான்னு நரம்பியல் மருத்துவரிடம் நீங்களே கேளுங்க. கட்டி இருந்தால் அகற்றி, கூடவே ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் கொடுப்பார்கள். சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். ஆனா, மறதியும் கவனக்குறைவும் சரியாக மாதங்கள் ஆகும். அதுவரை மார்க் பற்றிப் பேசாதீங்க.