தாங்கலும் தவளையும்

தொண்டை மண்டலத்து விவசாயி எவரும் தவளையை வளர்த்ததாகச் சரித்திரம் இல்லை. ஆயினும், மழை நீரை வீணாக விடாமல் தேக்கிவைக்கும் பொருட்டு அவர் தலைமுறை தலைமுறையாக ஏரிக்குக் கரை கட்டியும், நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர் வாரியும், தாங்கல் என்னும் சிறு நீர்த்தேக்கத்தையும் குட்டையையும் மேட்டிலும் பள்ளத்திலும் வெட்டிவைத்தும் வந்ததன் பயனாக, அவர் கேளாமலேயே தவளைக் குலம் அந்நீர்நிலைகளில் விருத்தியடைந்து, அவருடைய கழனிக்குக் காவலும் புரிந்து வந்தது. இக்காலத்தில் தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே மனை வாங்கி வீடு கட்டுவோரில் சிலர், தோட்டத்தின் ஒரு மூலையில் சிறு குளம் ஒன்றை அமைத்து, அதில் தவளை முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசை புதியது, அதை நிறைவேற்றும் மார்க்கமோ இப்பிரதேசத்தின் பழைய நீர்ச் சரித்திரத்திலேயே அடங்கியிருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலை மையமாக வைத்துக்கொண்டு அச்சரித்திரத்தைச் சற்று நோக்குவோம்.

இருப்புப் பாதையும் கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலையும் அடுத்தடுத்துச் செல்லும் இவ்வூருக்குப் பெயரளித்தவர், சிறு குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் எடுத்த குடைவரையில் நெற்றிக்கண்ணோடு எழுந்தருளியிருக்கும் பாடலாத்ரி நரசிம்மர். பெருமாளின் திருமேனி குன்றின் பாறையோடு பாறையாக இருப்பதால், அவரை வலம் வர விரும்பும் பக்தர் குன்றையே சுற்றி வர வேண்டியிருக்கிறது. அந்தப் பாறைதான் இப்பிரதேசத்தின் நீர் வரலாற்றையும் நிர்ணயித்தது எனலாம். பல்லாவரம் முதல் செங்கற்பட்டு வரை தலை காட்டும் கடினமான கருங்கற்பாறை மழைநீரை ஆழத்துக்கு எளிதில் இறங்க விடுவதில்லை; பாலாறோ தெற்கே தொலைவில் ஓடுகிறது; மழையின் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், சில நாட்களில், சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இத்தகைய பூமியில் பயிரிட வந்தவர்களுக்கு, சரிவின் குறுக்கே மண் கரை எழுப்பி நீரை மறிப்பதைத் தவிர வேறு உபாயம் இருக்கவில்லை.

இந்த உபாயத்தை அவர்கள் எத்தனை சிரத்தையோடு கையாண்டார்கள் என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளே போதிய சான்று. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற அச்சாசனங்கள், குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், இப்பிரதேசம் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஜாகீராகக் கிடைத்த காலத்தில், 1767 முதல் 1774 வரை கிராமம் கிராமமாக நிலத்தை அளந்து கணக்கெடுத்த தாமஸ் பர்னார்டு, விளைநிலத்தோடு நீர்நிலை அடைத்திருந்த நிலத்தையும் தம் குறிப்பில் சேர்த்துக்கொண்டார். 1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை மதுராந்தகம் ஏரியின் கரையைப் பழுது பார்த்ததும், பெருமழை இரவில் அக்கரையை வில்லேந்திய இருவர் காவல் காக்கக் கண்டதாகவும், அதனால் அங்குள்ள கோயிலில் தாயாருக்குச் சந்நிதி கட்டித் தந்ததாகவும் வழங்கும் கதையும், அங்குள்ள பெருமாளுக்கு ஏரி காத்த ராமர் என்னும் திருநாமம் வழங்குவதும் யாவரும் அறிந்தவை. ஏரியின் உடைப்பும் நிறைவும் ஓர் ஊரின் ஜீவ மரணப் பிரச்சினையாக இருந்த காலம் அது.

பெரிய ஏரிகளைப் பற்றி எழுதியவர் பலர். தவளையின் சரித்திரத்தில், அவற்றைக் காட்டிலும் தாங்கலுக்கும் குட்டைக்கும் நீர் நிற்கும் கழனிக்குமே உயர்ந்த ஸ்தானம் உண்டு. ஏன் என்றால், ஏரியில் விராலும் கெளுத்தியும் கெண்டையும் வாசம் செய்கின்றன. அவை தவளையின் முட்டையையும் தலைப்பிரட்டையையும் பெருமளவில் தின்றுவிடும். தாங்கலோ பங்குனி, சித்திரையில் வற்றி வெடித்துப்போகும். அங்கே மீன் நிலைத்து வாழ வழியில்லை. வற்றிய தரையில் மாடுகள் மேய்ந்து சாணமிடும். உழவர்கள் வண்டலை வெட்டி வண்டியிலேற்றித் தங்கள் வயலுக்குக் கொண்டுபோவார்கள். அதனால் பள்ளம் தூர்ந்துபோகாமல் இருக்கும். பிறகு புது மழை பெய்து நீர் நின்றதும், வெயில் படும் ஆழமற்ற விளிம்புகளில் பாசி செழித்து வளரும். எதிரி அதிகமில்லாத அந்நீரில், அப்பாசியையே ஆகாரமாகக் கொண்டு தலைப்பிரட்டைகள் சில வாரங்களில் வால் சுருங்கிக் கரையேறிவிடும். நீர் வற்றுவது உழவருக்குக் குறை. தவளைக்கு அதுவே பாதுகாப்பு.

இவ்விடத்துத் தவளைகள் யாவும் ஒரே நீரை நாடுவனவும் அல்ல. நீர்ப்பரப்பின் மேல் தத்திப் பாயும் சிறு தவளை, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் இடத்தைக் கைவிடுவதில்லை. ஆண் பெருந்தவளை, இனப்பெருக்கப் பருவத்தில் எலுமிச்சை மஞ்சள் நிறம் பூண்டு, நீல நிறமான தொண்டைப் பைகளை உப்பிக்கொண்டு, முதற்பெருமழையில் நிரம்பிய குட்டையின் ஓரத்தில் கூச்சலிடும். தேரை தன் முட்டைகளைப் பசை போன்ற நீண்ட சரங்களாக நீர்ச்செடிகளின் ஊடே விட்டுச் செல்லும். நம் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்து பெண்களையும் பிள்ளைகளையும் திடுக்கிடச் செய்யும் மரத்தவளையோ, நீருக்கு மேலே தாழ்ந்து தொங்கும் இலையிலோ தொட்டியின் சுவரிலோ நுரைக்கூடு கட்டி முட்டையிடும்; குஞ்சுகள் பொரிந்ததும் கீழே உள்ள நீரில் விழுந்துவிடும். ஆண்டின் பெரும் பகுதியை மண்ணுக்குள் புதைந்து கழித்து, கறையானைத் தின்று பிழைத்து, மழை இரவில் மட்டும் வெளிவரும் உருண்டைத் தவளைகளும் இங்கே உண்டு. இவற்றுள் பலவற்றை மேனாட்டு விஞ்ஞானம் முதலில் அறிந்துகொண்டதே நம் கடற்கரை ஊர்களின் மூலமாகத்தான். தத்திப் பாயும் தவளைக்கு, தரங்கம்பாடியிலிருந்து சென்ற மாதிரிகளைக் கொண்டு 1799-இல் ஷ்னைடர் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் சாஸ்திரப் பெயர் சூட்டினார். குளத்துப் பச்சைத் தவளைக்குப் புதுச்சேரியிலிருந்து சென்றதைக் கொண்டு 1834-இல் லெசான் என்னும் பிரெஞ்சுக்காரர் பெயரிட்டார். பூச்சி தின்னும் குலத்தில் பிறந்தும் வளர்ந்தபின் பெரும்பாலும் இலை தழையையே உண்ணும் விசித்திரப் பிராணி அப்பச்சைத் தவளை என்பதை இந்திரநீல் தாஸ் என்னும் விஞ்ஞானி 1996-இல் விரிவாக எழுதி வெளிப்படுத்தினார்.

பாமர மக்களும் பண்டிதர்களும் தவளையை மழையோடு சேர்த்தே எண்ணிப் பழகியவர்கள். ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்தில், ஓராண்டு மௌனத்துக்குப் பின் மழையில் குரலெழுப்பும் தவளைகளை வேதமோதும் அந்தணரோடு ஒப்பிடும் சூக்தம் ஒன்று இருக்கிறது. வராகமிகிரர் தம் பிருஹத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைக் கண்டறியும் குறிப்புகளை விவரிக்கும்போது, தோண்டும் குழியில் தவளை தென்படுவதையும் ஓர் அடையாளமாகச் சொல்கிறார். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கிச் சென்று தவளையுருக் கொண்ட மண்டூக மகரிஷிக்குச் சாப விமோசனம் அளிப்பதைக் காண மதுரையே திரள்கிறது. மழை பொய்த்த ஆண்டில் தவளைக்குக் கல்யாணம் செய்துவைக்கும் சம்பிரதாயம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் உண்டு, தொலைதூர அஸ்ஸாமிலும் உண்டு. மஞ்சள் பூசி, மாலையிட்டு, மேளம் கொட்டி நடத்தும் அந்த வைபவத்தின் முடிவில் மணமக்களை ஊர்க் குளத்திலேயே கொண்டுபோய் விடுவார்கள். அவ்வாறு விடுவதற்கு ஊரில் ஒரு குளம் இருந்தாக வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நீர்நிலையில் வாழும் பிராணியால் தமக்கு நன்மை உண்டு என்பதை இம்மாவட்டத்தார் தெளிவாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு வேடந்தாங்கல் ஓர் உதாரணம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட அவ்வூரார், அவற்றைச் சுடுவதைத் தடுக்கும் உரிமையை 1798-ஆம் ஆண்டளவில் அதே பிளேஸ் துரையிடம் எழுத்து மூலமாகவே பெற்றுக்கொண்டார்கள். தவளைக்கு அப்படிப்பட்ட உரிமைப் பத்திரம் எதையும் எவரும் கேட்கவில்லை. நீர் இருக்கும் வரை தவளையும் இருக்கும் என்ற நம்பிக்கையே காரணமாக இருந்திருக்கலாம்.

அந்த நம்பிக்கை பலவிதத்தில் பங்கமடைந்தது. ஊரார் கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்து, நிலவரி முறையும் நிர்வாகமும் மாறியதால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நலிந்துபோயிற்று. அதை 1858-ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றினால் தாங்கிப் பிடிக்கச் சென்னை அரசாங்கத்தார் செய்த முயற்சி பெரும் பயன் தரவில்லை. கொசுவை ஒழிக்கும் நல்ல உத்தேசத்தோடு 1928-இல் இத்தாலியிலிருந்து தருவிக்கப்பட்ட கம்பூசியா என்னும் சிறு மீன், கொசுப் புழுவோடு தலைப்பிரட்டையையும் தின்றது. 1952-இல் வந்து, நம் மக்களால் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கப்படும் திலாப்பியா, எங்கும் பரவி மற்ற நீர்வாழ் உயிர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதற்கிடையில் தவளைக்கால் ஏற்றுமதி என்னும் வியாபாரம் 1950-களில் தலையெடுக்க, சரக்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் கப்பலாகப் போயிற்று. பெருந்தவளையும் பச்சைத் தவளையும் இவ்வாறு வயல்களிலிருந்து இரவோடு இரவாகப் பிடித்துச் செல்லப்பட்டன. பூச்சி தின்னும் பெருந்தவளையை விற்றுக் கிடைத்த அந்நியச் செலாவணியைப் பூச்சிமருந்து வாங்கச் செலவழிப்பது எவ்வித லாபம் என்று அறிஞர்கள் கேட்டார்கள். 1985-இல் அவ்விரு இனங்களும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டு அட்டவணையில் சேர்ந்தன. 1987-இல் இந்தியா ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது.

பிடிப்பவர் ஓய்ந்தனர், ஆனால் பிறப்பிடம் சுருங்கத் தொடங்கியது. மறைமலை நகர் எழுந்தது; ஒரகடம் சாலையில் மோட்டார்த் தொழிற்சாலைகள் பெருகின; பரனூரில் தொழில் நகரம் தோன்றியது. இவற்றால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், நெல் விளையாத ஊரில் தாங்கலுக்குக் கேட்பாரில்லை. வரத்துக்கால் தெருவாகி, தாங்கல் மனையாகி, எஞ்சிய குட்டை கழிவுநீர்த் தேக்கமாகிவிடுகிறது. 2015-ஆம் ஆண்டின் மழை வெள்ளம் முடிச்சூரிலும் தாம்பரத்தைச் சுற்றிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, நீருக்குரிய வழியை அடைத்ததன் பலனை மனிதரும் அனுபவித்தார்கள்.

ஆகவே, தோட்டத்தில் தவளை பெருக வேண்டும் என்று விரும்புகிறவர் செய்யத்தக்கது, தம் வீட்டளவில் ஒரு தாங்கலை உண்டாக்குவதே. நான்கு புறமும் செங்குத்தாகச் சிமெண்டுச் சுவர் எழுப்பிய தொட்டியில் தவளை தவறி விழுமேயன்றி வாழாது. கால் விரலளவு ஆழத்தில் தொடங்கி, நடுவில் இரண்டடி ஆழம் வரை படிப்படியாகச் சரியும் கரை வேண்டும். அதில் பாதிக்கு வெயிலும் பாதிக்கு நிழலும் பட வேண்டும். ஓரத்தில் கோரையும் வல்லாரையும், நடுவில் ஆம்பலும் போதும், ஆகாயத்தாமரையை அண்டவிடலாகாது. கூரையிலிருந்து வழியும் மழை நீரே உத்தமம். குழாய் நீரானால் குளோரின் அகலத் திறந்த பாத்திரத்தில் ஓரிரு நாள் வைத்துவிட வேண்டும். அழகுக்காகவும் மீன் விடக்கூடாது என்பதே முதல் விதி. கோடையில் குளம் வற்றினால் வற்றட்டும். அதனால் கொசுவுக்கும் மீனுக்கும் இடமில்லாமற்போகும். நீர் நிற்கும் மாதங்களில் தும்பியின் குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும் கொசுப் புழுவைப் பெருமளவு தின்றுவிடும். தலைப்பிரட்டை பெரும்பாலும் பாசியையே மேய்வதால் அதை நம்பிப் பயனில்லை. எனவே வாரம் ஒருமுறை நீரைப் பார்த்து, புழு மிகுந்திருந்தால் வலையால் அள்ளிவிடுவது உத்தமம்.

குளத்தைச் சுற்றிக் கொஞ்சமேனும் தளமிடாத மண் இருக்கட்டும். மண்ணுக்குள் உறங்கும் தவளைகளுக்கு அதுவே வீடு. பூச்சிமருந்தை அவ்விடத்தில் தெளிக்க வேண்டாம். இரவு முழுவதும் விளக்கு எரிய வேண்டாம். விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு ஒன்று வந்து எட்டிப் பார்த்தால் கலவரப்படவும் வேண்டாம். தவளை வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வேறிடத்திலிருந்து தவளையையோ முட்டையையோ கொண்டுவந்து விடுவதோ, தவளையோடு நோயையும் கொண்டுவந்து விடுவதாகும். உலகின் பல பாகங்களில் தவளைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற பூஞ்சை நோய், இப்படி உயிரினங்களை இடம் மாற்றியதாலேயே பரவிற்று என்பது விஞ்ஞானிகளின் அபிப்பிராயம்.

இவ்வளவும் செய்தும், பக்கத்தில் தாங்கலும் குட்டையும் இல்லாவிட்டால், நம் தோட்டத்துக்குத் தவளை எங்கிருந்து வரும்? மழை இரவில் அது தாவிக் கடக்கக்கூடிய தூரத்தில் ஒரு நீர்நிலை உயிரோடு இருந்தால்தான் நம் சிறு குளத்துக்கும் பொருள் உண்டு. ஆதலால், தோட்டத்தில் குளம் வெட்ட நினைக்கும் சிங்கப்பெருமாள் கோவில் வாசிகளும், அவர்களுடைய குடியிருப்போர் சங்கங்களும் முதலில் தங்கள் தெருவுக்கு அருகில் எஞ்சியிருக்கும் தாங்கலின் எல்லையைக் கிராமக் கணக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் அதன் வரத்துக்காலைத் துப்புரவு செய்ய வேண்டும்; அதன் பிறகு தோட்டத்தில் மண்வெட்டியை எடுக்கலாம்.